40 டாலர் கிண்ணமும் நம் மதியச் சாப்பாடும்



தைவானுக்குப் புதிதாக வந்து இறங்கும் தம்பி தங்கைகள் சங்க நிகழ்ச்சிகளில் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியோ விசாவைப் பற்றியோ இருப்பதில்லை. "மதியத்துக்கு என்ன சாப்பிடுறீங்க அண்ணா?" என்பதுதான் அது. இதற்கு நம்மிடம் மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன. காலையிலேயே சோறு பொங்கி டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. ஒரு ரொட்டி, ஒரு காப்பியோடு மதியத்தை ஒப்பேற்றிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிடுகிறவர்கள் இரண்டாம் வகை. பக்கத்துக் கடைக்குப் போய் இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைத் தாமும் சாப்பிடுகிறவர்கள் மூன்றாம் வகை.

இந்த மூன்றாம் வகையினரைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. "கடைச் சோறு, அதிலும் கொழுப்புக் கறி! உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார்கள். இந்தப் பேச்சு பாதிதான் சரி என்பது என் கருத்து. மலிவாகக் கிடைக்கிறது என்பதாலேயே ஓர் உணவு கெட்டதாகிவிடாது. வீட்டில் சமைத்தது என்பதாலேயே நல்லதாகியும் விடாது. எதை, எவ்வளவு, எதனோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கைச் சொல்ல, தைவானில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் 'லூ ரோ ஃபான்' என்ற பன்றிக்கறிச் சோற்றையே எடுத்துக்கொள்கிறேன். பன்றிக்கறி சாப்பிடாத குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. அவர்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

லூ ரோ ஃபான் என்பது எளிமையான சாப்பாடு. தோலோடும் கொழுப்போடும் கூடிய பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியைச் சிறு சிறு துண்டாக நறுக்குவார்கள். அதைச் சோயா சாறு, அரிசி மது, கற்கண்டு, பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம், மசாலாப் பொடி ஆகியவற்றோடு சேர்த்து, சிறு தீயில் நெடுநேரம் கொதிக்க விடுவார்கள். கறி பஞ்சாகி, குழம்பு பளபளவென்று கெட்டியானதும், ஒரு சிறு கிண்ணத்தில் சூடான வெள்ளைச் சோறு வைத்து அதன் மேல் ஒரு கரண்டி ஊற்றித் தருவார்கள். ஓரத்தில் ஒரு துண்டு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். அவ்வளவுதான்.

அந்த மசாலாப் பொடியை இங்கே 'ஐந்து மணம்' என்கிறார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு ஆகியவைதான் அந்த ஐந்தும். கடைசியில் உள்ளதைத் தவிர மற்ற நான்கும் நம் பிரியாணிச் சட்டியில் விழுகிறவை! கடை வாசலில் நிற்கும்போதே ஊர் ஞாபகம் வருவதற்கு இதுதான் காரணம். முதன்முறை சாப்பிடும் நம் பிள்ளைகள் பலரும் "இது எங்கேயோ சாப்பிட்ட மாதிரி இருக்கே" என்கிறார்கள். மூக்குக்குத் தெரிந்த வாசனை அது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே தைபேயில் லூ ரோ ஃபான் என்று சொல்வதை, தெற்கே தைனான், காவ்சியுங் பக்கம் 'ரோ ஸாவ் ஃபான்' என்பார்கள். அங்கே போய் லூ ரோ ஃபான் என்று கேட்டால், பெரிய கொழுப்புத் துண்டு ஒன்றை முழுதாகச் சோற்றின் மேல் வைத்துத் தந்துவிடக்கூடும். அந்தப் பெரிய துண்டுச் சோற்றுக்கு வடக்கே 'கோங் ரோ ஃபான்' என்று பெயர். உடல்நலக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நறுக்கிய கறியில் ஒரு கரண்டியோடு போவது, முழுத் துண்டில் பல மடங்காகிவிடும்.

எல்லோருக்கும் ஒரே கிண்ணம்

இன்றைக்கும் சாதாரணக் கடையில் ஒரு சிறு கிண்ணம் பெரும்பாலும் 30 முதல் 50 தைவான் டாலருக்குள் கிடைக்கிறது. கட்டடத் தொழிலாளி, வங்கி ஊழியர், பேராசிரியர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லோரும் அதே முக்காலியில் உட்கார்ந்து அதே கிண்ணத்தைத்தான் சாப்பிடுகிறார்கள். இந்த உணவின் மேல் இவ்வூர்க்காரர்களுக்கு இருக்கும் பற்றுக்கு 2011ஆம் ஆண்டு நடந்த இரண்டு சம்பவங்களே சாட்சி.

அவ்வாண்டு வெளிவந்த மிச்சலின் பயண வழிகாட்டி நூலில், இந்த உணவு சீனாவின் ஷான்டோங் மாநிலத்திலிருந்து வந்தது என்று எழுதிவிட்டார்கள். கடைப் பலகைகளில் 'லூ' என்பதற்குப் பலர் எழுதும் எழுத்து, ஷான்டோங்கைக் குறிக்கும் எழுத்தாகவும் இருந்ததால் வந்த வினை. தைபே நகர நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. இது எங்கள் மண்ணின் உணவு என்று சொல்லி, 1000 கிண்ணங்களை இலவசமாக வழங்கியது. அதே ஆண்டில் பெயர்பெற்ற ஒரு கடைத்தொடர், பெரிய கிண்ணத்தின் விலையை 64 டாலரிலிருந்து 68 டாலராக ஏற்றியது. வெறும் 4 டாலர்தான்! ஊரே பேசியது, நகர மேயரே கண்டித்தார். நம் ஊரில் இட்லி விலை ஏறினால் எப்படிப் பேசுவோமோ அப்படி.

இதை ஏன் சொல்கிறேன்? சம்பளம் குறைவாக இருப்பவனும் சூடாக, உட்கார்ந்து, மரியாதையாக ஒரு மதிய உணவு சாப்பிட முடிய வேண்டும் என்பதை இந்தச் சமுதாயம் முக்கியமாக நினைக்கிறது. நம் ஆராய்ச்சி மாணவர்களில் சிலர், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதற்காக மதியச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். சிலர் மாதக் கணக்கில் பாக்கெட் நூடுல்ஸில் காலம் தள்ளுகிறார்கள். குடும்பக் கடமை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடமையைச் செய்ய உடம்பு வேண்டாமா? 40 டாலர் கிண்ணம் இருக்கும் ஊரில் பட்டினி கிடப்பது சிக்கனம் ஆகாது.

நல்லது எது? கவனிக்க வேண்டியது எது?

இனி கணக்குக்கு வருவோம். இந்தக் கிண்ணத்தில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது கொழுப்பு. பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியில், பச்சையாக 100 கிராம் எடுத்தால் ஏறத்தாழ பாதி கொழுப்புதான். அதில் 19 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. பயமாக இருக்கிறதா? ஆனால் சிறு கிண்ணத்தில் விழுவது 100 கிராம் கறி அல்ல. இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டால் இது தாங்கக்கூடிய அளவே. பெரிய கிண்ணம், மேலே கூடுதல் கறி என்று போனால் கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது உப்பு. கொழுப்பைப் பார்த்துப் பயப்படும் நாம், உப்பைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாற்றில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "கொஞ்சம் குழம்பு அதிகமா ஊத்துங்க" என்று கேட்கும்போது நாம் கேட்பது முக்கியமாக உப்பையும் கொழுப்பையும்தான். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வெள்ளைச் சோறு. இங்கே சமைப்பது ஒட்டும் தன்மையுள்ள குட்டைப் பச்சரிசி. நம் புழுங்கல் அரிசியைவிட இத்தகைய அரிசி பொதுவாக இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கிண்ணம் சிறியதாக இருப்பதுதான் இதற்குப் பாதுகாப்பு.

நான்காவது, இந்தக் கிண்ணத்தில் இல்லாதவை. காய்கறி இல்லை, நார்ச்சத்து இல்லை. கறி என்று பெயர் இருந்தாலும் அதில் பெரும்பகுதி கொழுப்பும் தோலும் என்பதால் புரதமும் குறைவுதான். "தோலில் கொலாஜன் இருக்கிறது, சாப்பிட்டால் முகம் பளபளக்கும்" என்று சிலர் சொல்வார்கள். வயிற்றுக்குள் போனதும் அதுவும் மற்றப் புரதங்களைப் போலச் செரித்து உடைந்துவிடும். கன்னத்துக்கு நேராகப் போய் ஒட்டிக்கொள்ளாது!

ஆக, தனியாகச் சாப்பிட்டால் இது அரைகுறைச் சாப்பாடு. சரியான துணையோடு சாப்பிட்டால் நல்ல சாப்பாடு.

இவ்வூர்க்காரர் சாப்பிடும் முறை

அந்தத் துணை என்ன என்பதை இவ்வூர்க்காரர்களிடமே கற்றுக்கொள்ளலாம். கடைக்குள் வரும் ஒரு தைவான் அம்மாவைக் கவனியுங்கள். அவர் பெரும்பாலும் ஒரு சிறு கிண்ணச் சோறுதான் சொல்வார். கூடவே ஒரு தட்டு வேகவைத்த கீரை, குழம்பில் ஊறிய டோஃபு, ஒரு முட்டை. சில நாள் ஒரு சூப். அவருக்குச் சோறு என்பது பல கிண்ணங்களில் ஒன்று. நமக்கோ சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அதனால்தான் நாம் கடைக்குப் போனதும் பெரிய கிண்ணமாகச் சொல்லி, குழம்பு அதிகம் கேட்டு, கீரையை "எதுக்குத் தனியா 40 டாலர்?" என்று விட்டுவிடுகிறோம். உணவு ஒன்றுதான், சாப்பிடும் முறை வேறு. விளைவும் வேறு.

எங்கள் ஆய்வகத்துக்குப் பின்தெருவில் உள்ள கடையில் நான் வழக்கமாகச் சொல்லும் சாப்பாட்டின் கணக்கு இது: சிறு கிண்ணச் சோறு 40 டாலர், கீரை 40 டாலர், டோஃபு 20 டாலர், முட்டை 15 டாலர். மொத்தம் 115 டாலர். பெரிய கிண்ணத்தை மட்டும் சாப்பிட்டால் இதைவிட 40, 50 டாலர் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் நான்கு மணிக்கே பசித்து, பக்கத்துப் பலசரக்குக் கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கும்போது அந்த மிச்சம் போய்விடுகிறது.

தைவானின் சுகாதாரத் துறை 2018இல் 'என் உணவுத் தட்டு' என்ற எளிய வழிகாட்டியை வெளியிட்டது. பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும்படி அமைந்தது அது. காலையும் மாலையும் ஒரு கோப்பைப் பால், வேளைக்கு ஒரு கைப்பிடி அளவு பழம், பழத்தைவிடச் சற்று அதிகமாகக் காய்கறி, காய்கறி அளவே சோறு, உள்ளங்கை அளவு பருப்பு வகை, மீன், முட்டை அல்லது இறைச்சி, ஒரு தேக்கரண்டி கொட்டை விதைகள். இதில் கவனியுங்கள், சோறும் காய்கறியும் சம அளவு! நம் வாழை இலையை நினைத்துப் பாருங்கள். சோறு மலையாக, பொரியல் ஓரத்தில் ஒரு சிட்டிகையாக அல்லவா இருக்கிறது?

சாப்பிடும் வரிசையும் உதவும். முதலில் கீரை, பிறகு டோஃபு, முட்டை, கடைசியாகச் சோறு என்று சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று சில சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. சாப்பிட்டு முடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் நல்ல பலன் தரும். கடையிலிருந்து அலுவலகத்துக்குத் திரும்பும்போது கொஞ்சம் சுற்றுவழியில் போனால் போதும், காசு செலவில்லை.

நம் தட்டையும் கொஞ்சம் பார்ப்போம்

"நான் வீட்டுச் சாப்பாடுதான், எனக்கு இந்தக் கவலை இல்லை" என்று நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. நம்மவர் உணவில் சக்தியின் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதில் தெரிந்தது. இவர்கள் எல்லோரும் தைவான் கடையில் கொழுப்புக் கறி சாப்பிட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் வீட்டில் சோறும் சப்பாத்தியும் சாப்பிட்டவர்கள்தான்.

நம் உடல்வாகும் ஒரு காரணம். பார்வைக்கு ஒல்லியாக இருப்போம், தொப்பை மட்டும் முன்னால் நிற்கும். ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. தைவானில் 24க்கு மேல் அதிக எடை, 27க்கு மேல் உடற்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது சுமார் 66 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இன்றிரவே ஒரு தையல் நாடாவை எடுத்து அளந்து பாருங்களேன்.

டப்பா கட்டிக்கொண்டு போவது நல்ல பழக்கம். அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த டப்பாவில் முக்கால்வாசி எலுமிச்சைச் சோறும், ஓரத்தில் நான்கு உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தால், அது சிறு கிண்ண லூ ரோ ஃபானையும் ஒரு தட்டுக் கீரையையும்விட எந்த விதத்தில் உயர்ந்தது? சாம்பாரில் பருப்பைக் கூட்டி, பொரியலைச் சோற்றின் அளவுக்கு வைத்தால், அப்போது சொல்லலாம் வீட்டுச் சாப்பாடுதான் சிறந்தது என்று.

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு

சைவ அன்பர்களுக்கு இந்த ஊர் உண்மையில் நல்ல ஊர். பௌத்தச் சைவக் கடைகள் ஏராளம். காளானும் சோயாவும் சேர்த்து இதே முறையில் செய்த சைவக் குழம்புச் சோறும் பல இடங்களில் கிடைக்கிறது. கொழுப்பு இதில் பொதுவாகக் குறைவு, ஆனால் சோயா சாறு அதேதான், உப்பும் அதேதான். சாதாரணக் கடையில் கீரை சொல்லும்போது ஒன்றை மறக்காதீர்கள். அதன் மேல் ஒரு கரண்டி கறிக்குழம்பு ஊற்றித் தருவது பல கடைகளின் வழக்கம். "பூ யாவ் ரோ ஸாவ்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஊற்ற மாட்டார்கள்.

இசுலாமியச் சகோதரர்களுக்கு, பன்றிக்கறி இல்லை என்பது மட்டும் போதாது. பொரிக்கும் கொழுப்பும் அரிசி மதுவும் கவனிக்க வேண்டியவை. எனவே ஹலால் சான்று உள்ள கடைகளே ஏற்றவை. மார்க்கத் தடை இல்லை, பன்றிக்கறி மட்டும் பிடிக்கவில்லை என்பவர்கள் ஜியாயி ஊரின் புகழ்பெற்ற வான்கோழிச் சோற்றைச் சாப்பிட்டுப் பார்க்கலாம். கிண்ணம் அதே அளவு, கொழுப்பு குறைவு. ஆனால் சில கடைகளில் அதன் மேலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து ஒருவரை ஒருவர் எடைபோடும் பழக்கம் நம்மிடையே வேண்டாம் என்பதையும் இங்கே அன்போடு சொல்லிவைக்கிறேன். ஒரே மேசையில் கீரைத் தட்டு எல்லோருக்கும் பொது.

மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது?

சாப்பிட்டு வெளியே வந்ததும் அடுத்த கடை பானக்கடை. முத்து ஜவ்வரிசி போட்ட பால் தேநீர் கையில் இல்லாமல் அலுவலகம் திரும்பும் இளைஞர்கள் குறைவு. 700 மில்லி கோப்பையில் முழுச் சர்க்கரை என்று சொன்னால் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். ஒரு நாளைக்கே 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 40 டாலர் கறிச்சோற்றைக் குறை சொல்லிவிட்டு, 60 டாலருக்குச் சர்க்கரை குடிப்பது என்ன நியாயம்? "வூ தாங்" என்றால் சர்க்கரை வேண்டாம், "வெய் தாங்" என்றால் மிகக் கொஞ்சம். ஆனால் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னாலும் அந்த ஜவ்வரிசி உருண்டைகளிலேயே மாவுச்சத்தும் இனிப்பும் உண்டு. வெறும் தேநீர் குடித்துப் பாருங்கள். தைவான் தேயிலை உலகப் புகழ் பெற்றது, சர்க்கரை போட்டு அதன் மணத்தை மறைக்க வேண்டியதில்லை.

கலப்படம் பற்றிய அச்சம்

"கடை எண்ணெயை நம்பலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014 செப்டம்பரில், கழிவு எண்ணெயைக் கலந்து பன்றிக் கொழுப்பு என்று விற்றது அம்பலமாகி இந்த நாடே கொதித்தது. அதன் பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். 2021 ஜனவரி முதல், உணவகங்கள் பன்றிக்கறி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சுவரில் அந்தச் சிறு அறிவிப்பைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நம் வசதிக்கு ஓர் எளிய விதியும் சொல்கிறேன்: கூட்டம் இருக்கும் கடை, மேசை துடைத்திருக்கும் கடை, குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டே இருக்கும் கடை. இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக உட்காரலாம்.

வாரத்தில் எத்தனை நாள்?

தினமும் சாப்பிடலாமா என்றால், கூடாது என்பேன். வாரத்தில் ஒன்று இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் வீட்டு டப்பா, மீன், சைவக் கடை, விரும்பிய காய்களை எடுத்துக்கொள்ளும் பலகாய்க் கடை என்று மாற்றிக்கொள்ளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும்போதும் சிறு கிண்ணம், அதோடு கீரை என்பதை வழக்கமாக்குங்கள். அவர்கள் இந்த ஊரில் வளர்கிறவர்கள். இவ்வூர் உணவைப் பயமில்லாமலும் அளவோடும் சாப்பிடக் கற்றுக்கொள்வது அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.

சத்துக் கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். மதியம் உடன் வேலை செய்பவர்கள் "வா, சாப்பிடப் போகலாம்" என்று கூப்பிடும்போது, நம் பிள்ளைகள் பலர் கணினி முன்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள். மொழி தெரியாத தயக்கம், உணவு பற்றிய அச்சம் இரண்டும் காரணம். மாதங்கள் போகப் போகத் தனிமை கூடுகிறது. ஆராய்ச்சி சரியாகப் போகாத நாட்களில் மனம் விட்டுப் பேச ஆள் இருப்பதில்லை. வாரம் ஒருமுறையாவது அந்த முக்காலியில் அவர்களோடு போய் உட்காருங்கள். சைவமானாலும் சரி, டோஃபுவும் கீரையும் உங்களுக்கு. நான்கு சீனச் சொல் கூடுதலாகத் தெரியும், நான்கு பேர் நண்பர்களாவார்கள். உடல்நலம் என்பதில் மனநலமும் அடக்கம்தானே?

சங்கத்துக்கு மூன்று யோசனைகள்

ஒன்று, கடையில் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு அட்டையாகக் கொடுப்போம். 'சியாவ் வான்' (சிறு கிண்ணம்), 'ஃபான் ஷாவ் யீ தியென்' (சோறு கொஞ்சம் குறைவாக), 'லூ ஜ ஷாவ் யீ தியென்' (குழம்பு கொஞ்சம் குறைவாக), 'தாங் சிங் ட்சாய்' (வேகவைத்த கீரை). செலவு மிகக் குறைவு, பலன் பெரிது.

இரண்டு, அடுத்த பொங்கல் விழாவில் நம் மருத்துவ நண்பர்களின் உதவியோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பளவு ஆகியவற்றைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடுவோம். தைவான் அரசின் இலவச உடற்பரிசோதனை 40 வயது முதல் 64 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை உண்டு. 2025 முதல் 30 வயதிலிருந்து 39 வயது வரை உள்ளவர்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கிறது. தேசிய காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் நம்மவர்கள் அருகிலுள்ள மருத்துவகத்தில் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 35 வயதில் தெரியவரும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். 50 வயதில் மாரடைப்போடு தெரியவந்தால் என்ன செய்வது?

மூன்று, நம் விழாப் பந்தியிலேயே மாற்றத்தைத் தொடங்குவோம். காய்கறியை முதலில் பரிமாறுவோம், இருவகைப் பொரியலைத் தாராளமாக வைப்போம், சோற்றைக் கேட்டு வைப்போம். "இன்னும் கொஞ்சம் சோறு" என்று வற்புறுத்துவதற்குப் பதில் "இன்னும் கொஞ்சம் கூட்டு" என்று வற்புறுத்துவோம்! விருந்தோம்பலில் ஒரு குறையும் வராது.

இந்த வாரம் ஒருநாள் மதியம் நீங்களும் போய்ப் பாருங்கள். சிறு கிண்ணம், ஒரு தட்டுக் கீரை, ஒரு டோஃபு. நிதானமாக, ருசித்துச் சாப்பிடுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள், அடுத்த மடலில் வெளியிடுவோம்.

அளவோடு உண்போம், நலமோடு வாழ்வோம்!

(இக்கட்டுரையில் உள்ளவை பொதுவான கருத்துகளே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற உணவுமுறையை மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளவும்.)